இரண்டு பக்கத்துப் பிள்ளைகள்

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட இளக்கம்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளை காய்ச்சல் என்று வந்தால், அங்கே பல்லையும் பார்த்து, ராத்திரி ஏன் தூங்குவதில்லை என்றும் விசாரித்துத்தான் அனுப்புவார்கள். எல்லாம் ஒரே கூரையின் கீழ். சுகாதார அலுவலகம், ஓர் அறக்கட்டளை, ஒரு கல்லூரி மூன்றும் கூட்டுச் சேர்ந்து செய்த ஏற்பாடு. மூன்று மாமியார் உள்ள வீடு என்பாள் அக்கா.

இதனால் பலன் உண்டா என்று பார்ப்பது கல்லூரியின் வேலை. அதற்காகச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பிள்ளைகளை இங்கேயும் மீதிப் பிள்ளைகளை வழக்கம்போலப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். வருடக் கடைசியில் இரு பக்கத்தையும் ஒப்பிடுவார்கள். பலன் தெரிந்தால் இடம் நிலைக்கும், இல்லாவிட்டால் பூட்டு.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை இங்கே பார்க்கக் கூடாது என்று சொன்ன பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள்தான் அக்கா. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் காத்துக் காத்து அலுத்த தாய் ஒருத்தி, கன்னம் வீங்கிய பிள்ளையோடு எதிரே வந்து நின்றால் என்ன செய்வாள்? பின்வாசலுக்கு வரச் சொன்னாள். பல் டாக்டரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல, முன்வாசலைவிடப் பின்வாசலில் கூட்டம் கூடியது.

வருடக் கடைசியில் முடிவு சொல்ல வந்த கல்லூரிப் பேராசிரியையின் முகம் தொங்கிப்போயிருந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நன்றாக இருக்கிறார்கள், வித்தியாசமே இல்லை, மூட வேண்டியதுதான் என்றார். பிள்ளைகள் நலம் என்பதை ஒருவர் துக்கச் செய்தி மாதிரி சொல்லி அக்கா அன்றுதான் கேட்டாள். பயந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களும் இங்கதான் வந்தாங்க மேடம். நான்தான் உள்ள விட்டேன்."

பேராசிரியை சிரித்துவிட்டு, அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலிடத்தில் மன்றாடி இன்னொரு வருடம் வாங்கினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். இந்த முறை அக்கா கறாராக இருந்தால் வித்தியாசம் தெரியும், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கலாம் என்றார்.

முதல் வாரமே, கன்னம் வீங்கிய பிள்ளையின் தாய் வந்தாள். இந்த முறையும் அவள் சீட்டில் பெரிய ஆஸ்பத்திரிதான். அக்காவைப் பார்த்ததும் பிள்ளை தானாகவே வாயைத் திறந்து பல்லைக் காட்டியது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா. இங்க பாக்க முடியாது."

"ஏன்க்கா, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். பிள்ளை இன்னும் வாயை மூடவில்லை.