எதிராளிக்கு ஒரு ஓட்டு

வக்கீல் லைசாண்டர் டாப்னியை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அவரை முழுசாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது பொய். குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்காடுவார். கட்சிக்காரன் கையில் காசில்லை என்றால் ஒரு பன்றித் தொடையை வாங்கிக்கொண்டு வருவார். அவருக்கு இருந்த ஒரே ஆசை சட்டசபைக்குப் போவது. இரண்டு முறை நின்று தோற்றிருந்தார்.

மூன்றாவது முறை, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தாம் வருஷம், புகையிலை வியாபாரி பார்னபஸ் கிரட்சர் எதிரே நின்றார். எங்கள் கென்டக்கி மாகாணத்தில் அப்போது ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. கோர்ட்டுக்குள் வந்து, யாருக்கு ஓட்டோ அவர் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். குமாஸ்தா நான் எழுதிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர், தன் பேர் சொன்னவனுக்கு எழுந்து நன்றி சொல்வார். வேட்பாளர் மட்டும் எதிராளி பேரைத்தான் சொல்வார். தன் பேரைத் தானே சொல்வது அசிங்கம்.

டாப்னி காலையிலேயே கிரட்சர் பேரைச் சொல்லிவிட்டார். கதவு சாத்தும் நேரத்தில் இருவருக்கும் இருநூற்றுப் பதினொன்று. பாக்கி கிரட்சரின் ஓட்டு ஒன்றுதான். டாப்னி நன்றி சொல்ல எழுந்தே விட்டார்.

"பார்னபஸ் கிரட்சர்" என்றார் கிரட்சர், தரையைப் பார்த்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வக்கீலய்யா, காலையில உங்க பேரைச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே!"

"ஜெயிச்சிருப்பேன்தான். வாய் வரலையே, ஐசக்."

வாசலில் காத்திருந்த அவர் மனைவி கெதூரா விடவில்லை. "ஊருக்கெல்லாம் வாதாடத் தெரியுது, தனக்கு ஒரு ஓட்டுப் போட்டுக்கத் தெரியலை! பொம்பளைக்கும் ஓட்டு இருந்தா..."

"எனக்குப் போட்டிருப்பியா?"

"நினைப்புத்தான் பொழைப்பைக் கெடுக்குதாம். பேசாம வாங்க வீட்டுக்கு."

அன்று நானே கிரட்சருக்குத்தான் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே இருவர் மறுபடி நின்றார்கள். இந்தத் தடவை டாப்னி என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்கவே பாதி ஊர் கோர்ட்டில் கூடிவிட்டது. சூடு கண்ட பூனை என்று நானும் நினைத்தேன்.

"பார்னபஸ் கிரட்சர்" என்றார், போன தடவை போலவே தெளிவாக.

கூட்டத்தில் ஒரு முனகல். அவருக்கு அடுத்து நின்றவர் கிரட்சரின் சொந்தச் சித்தப்பா, மில்லுக்கார ஓபெத். தொண்டையைக் கனைத்து, "லைசாண்டர் டாப்னி" என்றார். அப்புறம் நான். அதன்பின் அந்தப் பேரையே எழுதி எழுதி என் விரல் மரத்துப்போனது.

சாயங்காலம் கிரட்சர் வந்தார். முடிவு மத்தியானமே தெரிந்துபோயிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"லைசாண்டர் டாப்னி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"உரக்கச் சொல்லணும்" என்றேன். சொன்னார்.

டாப்னி எழுந்து தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப நன்றி, பார்னபஸ். ரெண்டு வருஷமா எழுந்து நிக்கிறேன்."