இல்லாத காய்ச்சல்

கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது அந்தமான் போர்ட் பிளேரில், பத்துபஸ்தி பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், கணவர், மூன்று வயது மகள்.

கணவருக்குச் சுற்றுலாப் படகில் வேலை. படகுகள் நின்றதும் வீட்டோடு இருந்தார். வேலை போன கோபத்தில்தான் அடித்தார் என்று சொன்னால் அது உண்மையாகாது. கல்யாணமான வருஷத்திலிருந்தே அடிதான். முன்பெல்லாம் அடித்துவிட்டு வெளியே போய்விடுவார். அழுது முடித்து முகம் கழுவ எனக்கு நேரம் கிடைக்கும். ஊரடங்கில் அதுவும் போனது. என் போனையும் அவரே வைத்துக்கொண்டார். பரமக்குடியில் இருந்த அம்மாவிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். மெயின்லேண்டுக்குக் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது.

அப்போது வீடு வீடாக வந்து யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் ஒரு சுகாதாரப் பணியாளர், தீவிலேயே பிறந்து வளர்ந்த நடுத்தர வயதுப் பெண். ஹிந்திதான் பேசுவார், அரைகுறையாகத் தமிழும் வரும். என் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். கணவர் பின்னாலேயே நின்றிருந்தார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அன்று குழாயில் தண்ணீர் விடும் நாள். கணவர் பின்பக்கம் டிரம்மில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாரா க்யா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். அடித்தானா என்று. தலையசைத்தேன்.

"இங்கிருந்து போகணுமா?"

இடுப்பில் இருந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தலையசைத்தேன். அதற்குள் கணவர் ஈரக் கையோடு வந்துவிட்டார்.

அந்தப் பெண் காய்ச்சல் பார்க்கும் கருவியை என் நெற்றிக்கு நேரே நீட்டினார். எண்ணைப் பார்த்தார். கணவரிடம் திரும்பி, "புகார் ஹை" என்றார்.

கணவர்மேல் நான் புகார் சொன்னதாக அவரிடமே சொல்கிறாரே என்று நினைத்தேன். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்குக் காய்ச்சல் என்று பொருள் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. கணவரோ அதற்குள் இரண்டடி பின்னால் போயிருந்தார்.

உடனே டெஸ்ட் எடுக்கவேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றார் அந்தப் பெண்.

"போறதுன்னா போ. பாப்பா இங்க இருக்கட்டும்" என்றார் கணவர் என்னிடம்.

"பச்சி பீ ஜாயேகி, குழந்தையும் வரும். அதுக்கும் டெஸ்ட் எடுக்கணும். நீங்க வெளிய போகக் கூடாது. உங்களுக்கு டெஸ்ட் எடுக்க ஆள் வரும்" என்றார் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல்.

கணவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைக் கண்டு அவர் பயந்தது அன்றைக்குத்தான். வண்டி வரும்வரை அந்தப் பெண் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. பக்கத்து வீடுகளுக்குப் போகவேண்டிய வேலை அப்படியே கிடந்தது.

வண்டியிலும் கூடவே ஏறினார். "பயப்படாத பெஹன், தங்கச்சி. காய்ச்சல் இல்ல. ஜூட் சொன்னேன், பொய்" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். டாக்டர் என் காயங்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். பெண்களுக்கான உதவி மையத்திலிருந்து ஒருவர் வந்து, நானும் மகளும் தங்க இடம் ஏற்பாடு செய்தார். போலீஸ் கணவரைக் கூப்பிட்டு விசாரித்தது. தங்கிய இடத்துப் போனிலிருந்துதான் ஸ்பீக்கர் போடாமல் அம்மாவிடம் பேசினேன். அதுவரை அனுசரித்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கப்பல் விட்டதும் வந்துரு, தாயி" என்று மட்டும் சொன்னார்.

கப்பல் விட்டதும் வந்துவிட்டேன். விவாகரத்துக் கிடைக்க நாளானது. இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தப் பெண்ணின் முகத்தை முழுதாக நான் பார்த்ததே இல்லை. முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்கள்தான் தெரியும். தைரியமாக இரு என்று எனக்குச் சொன்னவர்கள் நிறைய பேர். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உதவி என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.