மூன்றாம் பீப்பாய்

அந்த பீர் ஆலையில் அவரை எல்லோரும் மூக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

இருபத்திரண்டு வயதில் பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவர். கேன் மூடியைத் திறந்து முகர வேண்டும், புளிப்பு தட்டினால் ஓரம் தள்ள வேண்டும். பண்ணையை மூடியதும் இங்கே தொட்டி கழுவ வந்தார். வந்த மூன்றாம் மாதம், பரிசோதனைக்கூடம் சரி என்று எழுதிக்கொடுத்த தொட்டியின் முன்னால் நின்று, "இது திரிஞ்சிடுச்சு" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அந்தத் தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கு அவர் முகர்ந்து தலையாட்டாமல் எந்தத் தொட்டியும் பாட்டிலுக்குப் போனதில்லை.

ஆனால் ஒரு வாய் பீர் விழுங்கியவரில்லை. நாக்கில் பட்டதும் துப்பிவிடுவார். கேட்டால், "செருப்பு தைக்கிறவர் எல்லாச் செருப்பையும் மாட்டிக்கிட்டா திரியுறாரு?" என்பார்.

இப்படிப் பத்தொன்பது வருடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பீர் தயாரிப்புக்குப் பொறுப்பாக ஒருவர் புதிதாக வந்தார். வரும்போதே வைன் வைத்திருந்த ஆறு பழைய மரப்பீப்பாய்களைக் கொண்டுவந்ததால் அவர் பீப்பாய்க்காரர் ஆகிவிட்டார். ஆறிலும் பழுப்பு பீரை நிரப்பினார், பின்கட்டு அறையில் அடுக்கினார், பூட்டினார். ஒன்றரை வருடம் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மூக்கு அக்காவை அந்த அறைக்குக் கூட்டிப்போனார். கதவு திறந்ததுமே அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈர மரம், காடி, அழுகப்போகும் பழம், எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. பீப்பாயின் முகப்பில் அடித்திருந்த சின்ன ஆணியைப் பீப்பாய்க்காரர் உருவினார். நூலாக வந்த பீரைக் கிளாஸில் பிடித்து நீட்டினார். அக்கா முகர்ந்தார். அடுத்த நொடி மூலையில் கிடந்த குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"கொட்டிடலாம் தம்பி. முதலாளி பெரியவருக்குத் தெரியறதுக்குள்ள கழுவிடுறேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, குழாயக் கீழ வைங்க! இது இப்படித்தான் இருக்கணும். புளிக்கட்டும்னுதான் விட்டேன்."

"வேணும்னே கெடுத்தீங்களா?"

"கெடலக்கா. புளிச்சிருக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அத நீங்க சொல்வீங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்றார் பீப்பாய்க்காரர். ஒன்றரை வருடமாகச் சுவைத்துச் சுவைத்து அவருக்கு நாக்கே மரத்துப்போயிருந்ததாம்.

அன்று அக்கா துப்பவில்லை. துப்பினால் முழுசாகத் தெரியாது என்று அவர் கெஞ்சியதால் விழுங்கினார். முதல் வாய்க்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தாடையின் ஓரங்கள் கூசின. புளிப்பு போனதும் அடியில் கருகிய சர்க்கரை மாதிரி ஏதோ வந்தது. அதற்குப் பின்னால் மரம். பிறகு, அவருக்கே வெட்கமாக இருந்தது, இன்னொரு வாய் வேண்டும்போல இருந்தது.

"எப்படியிருக்கு?"

"கெட்டுப்போயிருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கிளாஸை அவரிடம் திருப்பித் தரவில்லை.

ஆறையும் சுவைத்தார். மற்ற ஐந்தைப் பற்றியும் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவதில் மட்டும் நின்றார். "இது வேற. இது நிஜமாவே கெட்டது."

பீப்பாய்க்காரரின் முகம் தொங்கிவிட்டது. அவருக்கு அந்த மூன்றாவதுதான் உயிர். முதலாளியைக் கூப்பிட்டார். பெரியவரும் குடித்துப் பார்த்து, மூன்றாவதுதான் பிரமாதம் என்றார். "மூக்குக்கு வயசாயிடுச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனார். அந்த விளையாட்டு அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பஸ் ஓட்டும் கணவருக்கு அன்று விடுமுறை. இரண்டையும் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"எதுங்க நல்லாருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான். பேட்டரித் தண்ணி."

"நீங்க பேட்டரித் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

"இப்ப குடிச்சேனே!"

அவரிடம் கேட்டது தன் தப்பு என்று அக்கா விட்டுவிட்டார்.

ஐந்து பீப்பாய்களைப் பாட்டிலில் அடைத்தார்கள். மூன்றாவதை மட்டும், இன்னும் நன்றாக வரும் என்று பீப்பாய்க்காரர் நிறுத்தி வைத்தார். ஆறு வாரத்தில் ஆணியை உருவினால் பீர் கோழை மாதிரி இழுபட்டு வந்தது. கிளாஸைச் சாய்த்தால் மொத்தமாக நகர்ந்தது. பெரியவர் தேடி வந்து அக்காவிடம், "மன்னிச்சுக்கம்மா. உன் மூக்கு மூக்குதான்" என்றார். பீப்பாய்க்காரர் இரண்டு நாள் பின்கட்டுப் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருபது வருடக் கணக்கு சரியாக இருந்தது. கெட்டது என்றால் கெட்டதுதான்.

கொட்டும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதம் தொட்டி கழுவும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வேலைக்கு மேல் வேலை. பீப்பாய் அப்படியே கிடந்தது. ஐந்து மாதம் கழித்துத்தான் அக்கா வாளியோடு போனார். ஆணியை உருவினார். பீர் கண்ணாடியாக, நூல் போல விழுந்தது. கோழையைக் காணோம், கிடந்த கிடையில் தானாகவே தெளிந்திருந்தது. முகர்ந்தார். கொஞ்சம் வாயில் விட்டார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நன்றாக அந்த அறையில் எதுவும் இருந்ததில்லை.

ஓடி வந்த பீப்பாய்க்காரர் குடித்துவிட்டுக் குதித்தார். "நான் சொன்னேன்ல அக்கா!"

"நான் சொன்னதும் நடந்துச்சே தம்பி."

"அதுவும் சரிதான்."

"அப்ப யாரு சரி?"

அவர் கிளாஸை மறுபடி நிரப்பினார்.

இப்போதும் காலை ஏழு மணிக்கு அக்கா முன்கட்டில் தொட்டிகளை முகர்கிறார். புளிப்பு தட்டினால் கொட்டச் சொல்கிறார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பிறகு பின்கட்டுக்குப் போகிறார். அங்கே இப்போது இருபது பீப்பாய்கள். நுழைவதற்கு முன் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். போன வாரம் பதினோராவதைச் சுவைத்துவிட்டுக் கிளாஸை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.

"நல்லதா கெட்டதா அக்கா?" என்று பீப்பாய்க்காரர் நோட்டைப் பிரித்தார்.

"இன்னிக்குத் தெரியல. வியாழக்கிழமை கேளுங்க" என்றார் அக்கா. கிளாஸில் மீதி இருந்ததையும் குடித்தார்.