லேடி டாக்டர்தான், பரவாயில்லைங்களா?

என் வீட்டுக்காரரின் நோய் எனக்கு முதலில் காதில்தான் கேட்டது. கொல்லையில் கக்கூஸுக்குப் போனால் சத்தம் விட்டு விட்டு வரும். கொஞ்சம் விழும், நிற்கும், மறுபடி சொட்டும். போன வேகத்தில் திரும்புகிற மனிதர், நான் பால் காய்ச்சி இறக்கிய பிறகும் உள்ளேயே நிற்பார். "இன்னாங்க, உள்ளயே குடித்தனம் பண்றீங்களா?" என்று கேலி செய்தேன். "சூடு புடிச்சிகினு கீதுடி" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. நாங்கள் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சூட்டுக்கு என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் கொடுத்தேன். இளநீர், மோர், நன்னாரி, ஊறவைத்த வெந்தயம். வெளியே போகிற வழி அடைத்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம். அது பின்னால்தான் தெரிந்தது.

இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், முக்கியமாகப் பெண்களுக்கு. ஆண்கள் படித்தால் கோபம் வரும். வரட்டும்.

மெல்ல மெல்ல அவர் அடிவயிறு மேடிட்டது. தொப்பை என்று நினைத்தோம். கால் கொஞ்சம் வீங்கியது. வரப்பில் நடந்த களைப்பு என்றார். வலி இல்லை. இதை நிறுத்திப் படியுங்கள்: வலியே இல்லை. அதனால் அவரை ஸ்கேன் எடுக்கச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஸ்கேனைப் பார்த்த ஊர் டாக்டர் உடனே யூரோ டாக்டரிடம் (சிறுநீரகம், சிறுநீர்ப்பை, ஆண்களின் ப்ராஸ்டேட் சுரப்பி இவற்றுக்கான அறுவை மருத்துவர்) போகச் சொன்னார். திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு என் கொழுந்தன் மோகன் வந்தான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்மேசையில் இருந்த ஆள் பெயரை எழுதிக்கொண்டு, மோகன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "லேடி டாக்டர்தான், பரவாயில்லைங்களா? ஜென்ட்ஸ் டாக்டர் வேணும்னா சார் சனிக்கிழமை வருவாரு."

காலையில் சுட்ட இட்லிதான் இருக்கிறது, பரவாயில்லையா என்று ஓட்டல்காரன் கேட்பானே, அதே குரல். மோகனும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் "பரவால்ல" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் நிர்மலாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்கேனைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தார். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெருத்து வழியை நெரிக்கிறது, நிரம்பிய சிறுநீர் பின்னால் ஏறி இரண்டு சிறுநீரகத்தையும் வீங்க வைத்துவிட்டது என்று எனக்கும் புரிகிற தமிழில் சொன்னார். பிறகு அந்தப் பரிசோதனையைச் சொன்னார் (ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது). இன்றைக்கே கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்க உள்ளே விடும் மெல்லிய குழாய்) போட வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பெரியவரே, இன்னைக்கு ட்யூப் போட்டா ரெண்டு கிட்னியும் தப்பிக்கும். நாள் கடத்தினா அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

வெளியே வந்ததும் மோகன் ஆரம்பித்தான். "அண்ணி, ஒரு பொம்பள கையில போயி இதெல்லாம் காட்ட முடியுமா? ஊர்ல தெரிஞ்சா தல காட்ட முடியாது. சனிக்கிழமை சாரே பாக்கட்டும்."

"மானம் போச்சுடி" என்றார் இவர்.

எனக்கு இரண்டு பிரசவம். இரண்டையும் பார்த்தது ஆண் டாக்டர். மயக்க மருந்து கொடுத்தவர் ஆண். இரண்டாவது பிரசவத்தில் கிழிந்ததைத் தைத்தவரும் ஆண். அன்று நான் கால்களை ஒடுக்கிக்கொண்டு அழுதபோது, கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த இதே மோகன், "கூச்சப்படாதீங்க அண்ணி, டாக்டர்னா கடவுள் மாதிரி" என்றான். என் கூச்சத்துக்குக் கடவுள் வந்தார். என் வீட்டுக்காரர் கூச்சத்துக்குச் சனிக்கிழமை வர வேண்டுமாம்.

இதை அன்றைக்கே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். கத்தவில்லை. என்னால் கத்த முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை ஆடிக் கிருத்திகைக் கூட்டம். ஊருக்குள் கார் வராது என்று சார் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சாருக்கு ஏதோ மாநாடு. அதற்கடுத்து மோகன் அண்ணனை பைக்கில் உட்கார வைத்து நகரிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனான். அவர் கல்லைக் கரைக்கிற பொடி கொடுத்தார். கல்லே இல்லை என்று ஸ்கேனில் இருக்கிறது. பொடியை இளநீரில் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். மறுபடியும் இளநீர்! நான் டம்ளரை ஒளித்து வைத்தேன். சொம்பில் கலக்கிக் குடித்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை. விக்கல் வந்தால் நிற்கவில்லை. வாயில் ஒரு நாற்றம். ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கழுவ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்து, "நைனா சாப்ட்டாரா?" என்று கேட்டார். அவருடைய அப்பா செத்து எத்தனையோ வருஷமாகிறது. அவர் உடம்பில் உப்பும் கழிவும் ஏறி மூளையைக் குழப்பியிருந்தது.

அதே ஆஸ்பத்திரி. அதே முன்மேசை. அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. கதீட்டர் போட்டவர் டாக்டர் நிர்மலாதான். வெட்கப்பட என் வீட்டுக்காரருக்கு நினைவே இல்லை. பை நிரம்பியது, மாற்றினார்கள், மறுபடி நிரம்பியது. ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு தண்ணீரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்களை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது. இடது சிறுநீரகம் இனி திரும்பாது. வலது சிறுநீரகம் பாதி வேலைதான் செய்யும். கிரியாட்டினின் (ரத்தத்தில் சேர்கிற கழிவு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும்) வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

மோகன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருந்தா நாம வந்திருக்க மாட்டமா? பொம்பளதானே, பட்டும் படாம சொல்லுது. ஒரு சாரா இருந்திருந்தா நாலு அதட்டு அதட்டியிருப்பாரு."

அப்போதுதான் நான் கத்தினேன்.

"எவ்ளோ அழுத்திடா சொல்லணும்? கிட்னி பூடும்னு சொல்லிச்சா இல்லையா? உங்க அண்ணன் கிட்னிய அந்தம்மாவா தூக்கினு போச்சு? நீதான்டா சனிக்கிழமை சனிக்கிழமைன்னு சொல்லிச் சொல்லித் தின்னுட்ட!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இன்னும் சொல்ல வார்த்தை இருந்தது. ஆனால் புடவை நனைந்துவிட்டது.

இப்போது சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்திலிருந்து எனக்கு இருமினால் கசியும். தும்மினால் கசியும். அரிசி மூட்டையை நகர்த்தினால் கசியும். தைத்த டாக்டரிடம் ஒரு முறை போய்ச் சொன்னேன். "புள்ள பெத்தா அப்படித்தாம்மா இருக்கும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளப் பழகினேன். என் மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அவள் வயதுதான் அந்தத் துணிக்கும்.

பெரிய சத்தம் எழுப்பினால் கசியும் என்பதால் நான் சாதுவானேன். ஊரில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். என்ன பொறுமை, மண்ணாங்கட்டி. கோபத்தை அடக்கினேனா, மூத்திரத்தை அடக்கினேனா என்று எனக்கே தெரியாது.

அன்று கைப்பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா" என்றார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"எத்தனை வருஷமா?"

சொன்னேன்.

"எப்பெல்லாம் கசியும்?"

"இருமினா, தும்மினா, வெயிட் தூக்கினா, சிரிச்சா..." கொஞ்சம் தயங்கினேன். "மலைக்குப் போயி அரோகரா சொன்னா."

சிரித்துவிட்டார். உடனே சிரிப்பு நின்றது. "முருகனைக் கூடவா வாய்க்குள்ளயே கூப்பிட்டீங்க?" என்றார். அப்போது நான் அழுதேன். ஸ்ட்ரெச்சரில் என் வீட்டுக்காரர் கிடந்தபோது கூட வராத அழுகை.

வெளியே மோகன் பேசியது டாக்டருக்கும் கேட்டிருக்கிறது. "கதவு மெல்லிசும்மா. அவன் முன்மேசையில 'லேடி டாக்டர்தான்'னு கேக்கறதும் தினம் கேக்குது. நிர்வாகம் கேக்கச் சொல்லியிருக்கு. நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். பேஷன்ட் வசதிக்காகத்தான்னு பதில் வந்துச்சு."

அவர் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது அந்தத் துறையில் அதற்கு முன் பெண் யாரும் படித்ததில்லையாம். அறுவை அரங்கில் உடை மாற்ற இடம் இல்லை. நர்ஸுகள் தங்கள் அறையில் ஒரு கொக்கி கொடுத்தார்கள். பேராசிரியர் எல்லார் முன்னாலும், "பிரசவம் பாக்கப் போம்மா, இங்க உன்கிட்ட எந்த ஆம்பள வருவான்?" என்று கேட்டாராம்.

"வலிச்சா வருவாங்க சார்னு சொன்னேன். கூடப் படிச்சவங்க கை தட்டினாங்க. எனக்கும் ரொம்பப் பெருமை." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வலிக்காத நோயும் உண்டே, அவங்க என்ன செய்வாங்கன்னு அப்ப நான் யோசிக்கல. உங்க வீட்டுக்காரர் மாதிரி எத்தனை பேர் அந்த மேசையோட திரும்பிப் போனாங்களோ. எனக்குக் கோபம் வராதுன்னு நினைக்கிறீங்களா?"

நான் அவருக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? "வரட்டும் டாக்டரம்மா, கோவம் இருந்தாத்தான் நல்லது" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குச் சில வாரம் கழித்து, உடம்பு தேறியதும், ப்ராஸ்டேட் அறுவை நடந்தது (கத்தி வைக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுப் பெருத்த சதையைச் சீவி எடுப்பது). அதுவரை குழாயோடுதான் இருந்தார். குழாயில் மாட்டிய பையை ஒரு மஞ்சப்பைக்குள் போட்டு வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு கழனிக்குப் போவார். இப்போது அவருக்கு உப்பில்லாத குழம்பு தனி. எங்கள் வீட்டு நாள்காட்டியில் அமாவாசை, கிருத்திகையோடு கிரியாட்டினின் பார்க்கிற நாளும் ஏறிவிட்டது. நாலு வரப்பு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த வருஷ விதைப்பைப் பற்றி அவர் பேசுவதில்லை, அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் பேசுகிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய் வரைக்கும் வரும். முகத்தைப் பார்த்தால் விழுங்கிவிடுவேன்.

எனக்கு டாக்டர் முதலில் இடுப்புத் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஓரளவுதான் குறைந்தது. பிறகு ஒரு சின்ன அறுவை (சிறுநீர் வரும் குழாய்க்கு அடியில் மெல்லிய பட்டையை ஊஞ்சல் போல வைத்துத் தாங்குவது). மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதற்குத்தானா இருபத்தைந்து வருஷம் என்று நினைத்தால் இன்னும் உடம்பு பற்றி எரிகிறது. மோகன், "அண்ணிக்கு இன்னாத்துக்கு ஆப்பரேசன்?" என்று அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டான். "மூத்திரம் கசியுதுடா. கூச்சப்படாத, கேளு" என்று நானே சொன்னேன். அவன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

போன மாதம் அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தா ஜன்னலில் மலை தெரிந்தது. நாங்கள் காத்திருந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் மகனோடு வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. முன்மேசை ஆள் சாய்ந்தான், குரலைத் தாழ்த்தினான்.

"லேடி டாக்டர்தான், பரவாயில்லைங்களா? சார் சனிக்கிழ..."

நான் எழுந்தேன். அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்.

"அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேட்ட, அந்த மேசைய உன் தலையில கவுத்துடுவேன்! அவுரு காலப் பாருடா! சனிக்கிழமைக்கு இருப்பாரா அவுரு?"

மெல்லிய கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முன்மேசை ஆள் பேனாவைக் கீழே போட்டான். பள்ளிப்பட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். போகலாமா என்று மகனைப் பார்த்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "போய்க் காட்டுங்க அண்ணே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "சனிக்கிழமைக்குக் காத்துகினு இருந்தவன் நான்."

பள்ளிப்பட்டுக்காரர் உள்ளே போனார். நான் பழக்கத்தில் கைப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. பையை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புடவை உலர்ந்தே இருந்தது.