மணமகள் நான் இல்லாத என் கல்யாணப் பத்திரிகை

நேற்று காலை என் கல்யாணப் பத்திரிகை என் போனுக்கே வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை பெயர் சரி. திருப்பதி மண்டபம் சரி. முகூர்த்தமும் சரி.

மணமகள் மட்டும் நான் இல்லை!

(பயப்படாதீர்கள், மாப்பிள்ளை நல்லவர்தான்.)

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி. நைனா, அதாவது அப்பா, இறந்த பிறகு வீட்டுத் தறிகளை ஓட்டி, என்னைப் படிக்கவைத்து, திருப்பதிக்கு லேப் டெக்னீஷியன் வேலைக்கு அனுப்பியது என் அம்மா. பெயர் கஸ்தூரி.

கல்யாணம் முடிவானதும், பத்திரிகையை வீட்டிலேயே செய்யலாம் என்றேன். அட்டை வாங்கி, தோழியின் பிரிண்டரில் அடித்தோம். தறியில் மிஞ்சிய புடவைக் கரையை அம்மா நறுக்கிக் கொடுக்க, ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஒட்டினேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. நான் தெலுங்கு மீடியம், அதனால் தமிழ்ப் பக்கத்தைத் திருத்தியதும் அம்மாதான். (திருமணத்துக்கு எத்தனை சுழி என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.)

வீடெல்லாம் பசை. சோற்றில்கூடப் பசை வாசனை. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் பெரிநைனா வந்தார். நைனாவின் அண்ணன். எங்கள் தறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்காத மகான். கல்யாணம் என்றதும் சென்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

செத்த எலியைத் தூக்குவது போல அட்டையை இரண்டு விரலால் தூக்கினார்.

"இன்னாடி இது? ஸ்கூல் பசங்க ப்ராஜெக்ட் மாரி ஒட்டிக்கினு கீறீங்க?"

"நாங்களே செஞ்சது பெரிநைனா."

"அதான் பாத்தாலே தெரியுதே. மேல இன்னா போட்டுக்கீற?"

மேலே போட்டிருந்தது இதுதான்: 'என் மகள் ரேவதியின் திருமணத்துக்கு உங்களை அன்புடன் அழைக்கிறேன். இப்படிக்கு, கஸ்தூரி.'

அவர் முகம் சுருங்கியது.

"ஆம்பள பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? தம்பி பூட்டப்பறம் நான்தான பெரிய தல? என் பேரப் போடு. கீழ, சங்கத்து மாஜி உபதலைவர்னு போடு. தாலி எறக்குனவ கூப்புட்டா எவன் வருவான்? வம்சத்து மானமே பூடும்!"

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள், கையில் கத்தரிக்கோலோடு. தறிச் சத்தத்தில் காது மந்தமானவள். இது மட்டும் நன்றாகவே கேட்டுவிட்டது.

அவர் போன பிறகு சொன்னாள்: "மாத்திடு ரேவதி. என் பேரு எதுக்கு? கல்யாணம் நல்லா நடந்தா போதும்."

"மாட்டேம்மா. உன் பேரு இல்லாத கல்யாணம் எனக்கு வேணாம்."

அன்று முழுக்க அம்மா கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. மறுநாள் காலை பார்த்தால், தானாகவே கரை நறுக்க உட்கார்ந்திருந்தாள்.

பெரிநைனா சும்மா இருப்பாரா?

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சித்தூரில் ஒரு பிரஸ்ஸில் தனியாகவே பத்திரிகை அடித்துவிட்டார்! பளபளவென்று தங்க எழுத்து. பிள்ளையாரைவிடப் பெரியதாக இவர் போட்டோ. (பிள்ளையார் ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்திருந்தார், பாவம்.) அம்மா பெயர் எங்கேயும் இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் கொடுத்தும் முடித்துவிட்டார். அதில் ஒன்றைத்தான் யாரோ போட்டோ எடுத்து நேற்று என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பிரஸ்காரரிடம் அவர் சொன்னது பிறகுதான் தெரிந்தது.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்சியே, அதே மேட்டர்தான். மாப்ள, மண்டபம், தேதி, அத மட்டும் மாத்திடு."

அந்த மனிதர் அதை மட்டும் மாற்றினார்.

மணமகள்: புவனா!

புவனா இவருடைய மகள். பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாகப் போய், இடுப்பில் ஒரு குழந்தையோடு இருக்கிறாள்.

தன் பெயரையும் பதவியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவர், கல்யாணப் பெண் பெயரைப் படிக்கவே இல்லை. அது அவருக்கு அவ்வளவு முக்கியம்!

என் மாப்பிள்ளை போன் செய்தார்.

"இன்னா ரேவதி, பொண்ண மாத்திட்டாங்களாமே? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் சிரித்தார். புவனா வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவள் மாமியார் பெரிநைனாவுக்குப் போன் போட்டுக் கேட்டாராம்:

"எங்க மருமகளுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்றீங்களாமே சம்பந்தி. எங்களுக்கும் ஒரு எல போடுவீங்களா?"

இதைப் புவனாவே என்னிடம் சொன்னாள். முதலில் அழுதாள், பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள்.

இன்று காலை பெரிநைனா வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கஸ்தூரி, உங்க பத்திரிகைல கொஞ்சம் குடும்மா. குடுத்த வூட்டுக்கெல்லாம் மறுபடி போயி இதக் குடுத்துட்டு வந்துடறேன். வெளிய தலகாட்ட முடியல."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். அட்டைகளின் மூலையில் தன் கையாலேயே மஞ்சள் தடவினாள். கட்டாக எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"எடுத்துக்கினு போங்க மாமா. ஒவ்வொரு வூட்லயும் கஸ்தூரி கூப்புட்டு அனுப்பிச்சான்னு சொல்லித்தான் குடுக்கணும். வாயில வராதுன்னா இங்கயே வச்சிட்டுப் போங்க."

பெரிநைனா தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சொல்றேம்மா," என்றார்.

மத்தியானம் புத்தூரிலிருந்து சித்தி, அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அக்கா, உங்க மூத்தார் இப்பதான் வந்துட்டுப் போறாரு. கஸ்தூரி கூப்புட்டு அனுப்பிச்சான்னு கைகூப்பிச் சொல்றாரு! அவுருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அம்மா கரை நறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்:

"இப்பதான்டி சரியாயிக்கினு வருது."