செத்துப்போன பெண்ணைப் பார்க்கப் போனோம்

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டாவது படித்த என் தங்கை துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டாள். கடத்தூர் ஆஸ்பத்திரி எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஊசி என்றதும் கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பாப்பாரப்பட்டியில இந்த ஊசி போட்ட பொண்ணு செத்துப்போச்சாம். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்க்கா."

அதைக் கேட்டு அம்மாவும் தயங்கினாள். மஞ்சள் வைத்துக் கட்டினால் போதாதா என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ப்ளஸ் டூவில் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். டெட்டனஸ் வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று தெரியும். எனக்குத் தெரிந்து என்ன, அவள் நம்ப வேண்டுமே!

யார் சொன்னது என்று குடைந்தேன். பக்கத்து வீட்டுத் தோழியைக் காட்டினாள். தோழி தன் அக்காவைக் காட்டினாள். அக்காவோ பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டாளாம். ஒருத்தரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் சந்தைக்குப் பக்கத்தில் தையல்காரர் வீட்டுப் பெண் என்று அடையாளம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில போய்ப் பார்த்துட்டு வர்றேன். உயிரோட இருந்தா மறுபேச்சு பேசக் கூடாது," என்றேன். தங்கை தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கே தோழியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். தருமபுரியில் பஸ் மாறி பாப்பாரப்பட்டியில் இறங்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே செத்திருந்தால்?

தையல்காரர் வீட்டு வாசலில் ஒரு பெண் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "இங்க ஊசி போட்ட பொண்ணு..." என்று இழுத்தேன்.

"நான்தாங்க. ஒரு நாள் காய்ச்சல் அடிச்சுது, அவ்ளோதான். நீங்க எந்த ஊருங்க?"

"கடத்தூர்."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அங்கதானே ஊசி போட்டு ஒரு பொண்ணு செத்துப்போச்சு? எங்க தம்பிக்குப் போட வேணாம்னு அம்மா சொல்லுதுங்க."

விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் ஊரில் அப்படி யாரும் சாகவில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்தோம்.

"உயிரோட இருக்கா!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். தங்கை அசையவில்லை. "நீ வெளியே நில்லுக்கா," என்று கதவைச் சாத்திக்கொண்டு தோழியிடம் ஏதேதோ கேட்டாள். பிறகு அவளை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன கலர் பாவாடை கட்டியிருந்துச்சு?"

"ஊதா."

"என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

"பாண்டி ஆடுச்சு."

என்னையே சந்தேகப்படுகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போலவும் இருந்தது.

அவள் நொண்டிக்கொண்டே எழுந்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க. சரி, சைக்கிளை எடுக்கா, ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்."