மார்த்தாள் படித்த சொற்கள்

ஒரகடத்துக்கு அப்பால் ஒரு கார் உதிரிபாக ஃபேக்டரியில் மார்த்தாளுக்குப் பதினோரு வருஷ வேலை. காலை ஐந்தேகாலுக்கு மானாம்பதி கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவாள். நாளெல்லாம் இரும்பு வளையங்களை அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்த்து, நல்லது ஒரு டப்பாவில், கழித்தது இன்னொரு டப்பாவில். விரலால் தடவியே பிசிறு இருப்பதைச் சொல்லிவிடுவாள்.

தை மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பத்து வருஷ அனுபவம் இருந்தால் படிப்பு தேவையில்லை, ஆனால் இங்கிலீஷ் இன்டர்வியூ உண்டு. மார்த்தாள் ஒன்பதாவதோடு நின்றவள். மகள் சோபியா போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். தினம் பத்து வார்த்தை வரும். அர்த்தம், ஒரு பெண் குரலில் உச்சரிப்பு, ஒரு வாக்கியம்.

குழம்பு கொதிக்கும்போது மார்த்தாள் போனைப் பார்த்து, "சர்ஃபேஸ்" என்பாள். 'மறுபடி முயலுங்கள்' என்று சிவப்பில் எழுத்து வரும்.

"ம்மா, சர்ஃபிஸ்," என்பாள் சோபியா.

"ஃபேஸ்னுதான எழுதிக்கீது? மூஞ்சிக்கு மட்டும் ஃபேஸ், இதுக்கு ஃபிஸ்ஸா?"

"அப்படித்தாம்மா சொல்லணும். எத்தினி வாட்டி சொல்றது?"

கட்டட வேலை முடித்து வந்து உட்கார்ந்த வேதகிரி கேட்டான், "இன்னாமே, போனாண்ட சண்ட போட்டுக்கினு கீற?"

"நீ சும்மா இரு."

ஒருநாள் ஒரு வார்த்தையைக் 'காக்' என்று படித்தாள். அந்தப் பெண் குரல் 'கேஜ்' என்றது. மார்த்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினோரு வருஷம் கையில் பிடித்த சாமான், எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. சோபியாவிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மாசியில் இன்டர்வியூ. ஏசி அறையில் இரண்டு அதிகாரிகள். பெயர், ஊர், எத்தனை வருஷ சர்வீஸ் எல்லாம் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். ஒருவர் கேட்டார், "டாலரன்ஸ்னா என்னம்மா?"

அது படித்த வார்த்தை. அர்த்தம் பொறுத்துப்போவது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய வாக்கியத்தை ஆப்பில் கேட்டபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது இல்லம்மா. பார்ட்டோட அளவுல..."

"எவ்ளோ வரிக்கும் ஏறலாம், எறங்கலாம்னு கேக்குறீங்களா சார்? எனக்குத் தெரியும் சார்."

"பரவாயில்லம்மா. அடுத்த தடவ பாப்போம்." பேனா அதற்குள் தாளில் எதையோ சுழித்துவிட்டது.

வேலை, டிப்ளமா படித்த பிரபாவுக்குப் போயிற்று. ஃபேக்டரியில் சேர்ந்த முதல் நாள் எந்த டப்பா எது என்று மார்த்தாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பெண் அவள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"உம்மேல இன்னாத்துக்குக் கோவம்? நீ படிச்சிக்கீற. ஆனா அந்த டாலரன்ஸுன்ற வார்த்தைய தமிள்ல சொல்லிக் கேட்டிருந்தா, அவங்க ரெண்டு பேருக்கும் நான் பாடம் எடுத்திருப்பேன்." உத்திரமேரூர் வரும்வரை மார்த்தாள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பை அழித்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் பக்கத்தில் தொங்கும், வளையத்தின் அளவெல்லாம் இங்கிலீஷில் எழுதிய டிராயிங்கைப் பார்த்து வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாக ஒரு நோட்டில் வரைந்துகொண்டாள்.

"சாப்புட வேண்டிய நேரத்துல இன்னாம்மா இது?" என்றார் சூப்பர்வைசர் சடையப்பன்.

"அர்த்தம் சொல்லு சார், சாப்புடறேன்."

சலித்துக்கொண்டே சொன்னார். வைகாசிக்குள் நாற்பத்தியொரு வார்த்தை சேர்ந்தது. உச்சரிப்பு இன்னும் பாதிக்குமேல் தகராறுதான். சோபியா திருத்தினால் எரிச்சல் வருகிறது.

நோட்டீஸ் போர்டில் புதுத் தாள் ஒட்டினால் இப்போது அவள்தான் முதலில் போய் நிற்கிறாள். கேன்டீன் நேரம் மாறியது, யூனிஃபார்ம் அளவு கொடுக்க வேண்டிய தேதி, தீயணைப்புப் பயிற்சி எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள். இன்டர்வியூ என்ற வார்த்தை மட்டும் ஆடி முடிந்தும் வரவில்லை. ஆபீஸில் கேட்டால், "சொல்றோம்மா" என்கிறார்கள்.